இல்லை என்று சொல்லாத கடை

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் ஜவுளி வியாபாரிகள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. மூத்த உறுப்பினர் என்ற முறையில், 'வாடிக்கையாளர் சேவையில் நவீன நிர்வாகம்' என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். என் பெயர் சேக் இஸ்மாயில். மதுரையில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் என் கடை இருக்கிறது. கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்; தெரியாதவர்கள் நேரில் வந்து விலை கேட்கட்டும்.

கட்டுரையை இப்படித் தொடங்கினேன்:

"இன்றைய போட்டி உலகில் வாடிக்கையாளரே மன்னர் —"

அடித்துவிட்டேன். எந்த மன்னரும் எங்கள் கடையில் ஜாக்கெட் துணிக்கு விலை குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நின்றதில்லை. அடுத்தது:

"எங்கள் கடையில் நிர்வாகச் சீர்திருத்தம் வந்தபின் ஊழியர்களின் மனநிலையிலும் வேலைத்திறனிலும் ஏற்பட்ட மாற்றம் —"

இது உண்மை. ஆகவே இதையும் சங்க மலரில் தொடர முடியவில்லை. மூன்றாவதாக எழுதியது:

"உத்தமபாளையத்திலிருந்து ஓர் அம்மா கைக்குட்டை வாங்க வந்தார்."

இந்த வரி நின்றது. நின்றதும் கட்டுரை கதையாகிவிட்டது. கதை என்றால் பொய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். என் வயதில் அந்த வசதி தேவைப்படுகிறது.

2

என் மகன் ஜுல்பிகர் கெட்டிக்காரன். இதை இப்போதே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுத இடம் கிடைக்குமோ என்னவோ.

(வீட்டு விஷயத்தைத் தெருவில் பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அதனால் 'ஜுல்பிகர்' வரும் இடங்களில் எல்லாம் 'ஒரு கடையின் நிர்வாகி' என்று மாற்றிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் "ஒரு கடையின் நிர்வாகி என்னை அத்தா என்று அழைத்தார்" என்று வந்தது. பெயரைத் திரும்பப் போட்டுவிட்டேன்.)

பக்கத்து வீதியில் நான்கு மாடியில் ஒரு ஜவுளிக்கடை எழுந்த பிறகு ஜுல்பிகருக்குத் தூக்கம் குறைந்தது. விக்ரம் என்ற ஆலோசகரை அழைத்து வந்தான். விக்ரம் எம்.பி.ஏ. படித்தவர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். எங்கள் கடை ஊழியர்களுக்கும் ஆளுக்கொன்று மாட்டிவிட்டார். பல வருடமாக ஒரே தூக்குவாளியில் டீ வாங்கிக் குடிப்பவர்கள், ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்துகொண்டார்கள்.

அட்டைக்குப் பின் சட்டங்கள் வந்தன. உள்ளே வருகிறவரிடம் பல் தெரியச் சிரித்து, "வணக்கம், வாருங்கள். உங்கள் வருகை எங்கள் பெருமை" என்று சொல்ல வேண்டும். 'இல்லை', 'வேண்டாம்' ஆகிய சொற்களை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. இல்லாத சரக்கைக் கேட்டால், "அதற்கு மாற்றாக வேறு காட்டட்டுமா?" என்று கேட்க வேண்டும். 'பிரச்சினை' என்ற சொல்லும் ஆகாது. அதை 'வாய்ப்பு' என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் சோதிக்க, விக்ரமின் ஆட்கள் வாடிக்கையாளர் போலவே வந்து போவார்கள். யார் என்று தெரியாது. அவர்கள் போனபின் தவறு செய்த ஊழியரின் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி விழும். மூன்று சிவப்பு விழுந்தால் வேலை போய்விடும்.

விக்ரம் இதை விளக்கிய அன்று லுங்கிப் பிரிவில் இருக்கும் அழகுபாண்டி கையைத் தூக்கினான்.

"ஏன் சார் இல்லைன்னு சொல்லக் கூடாது?"

"இல்லைன்னு சொன்னா கஸ்டமர் மனசுல ஒரு கதவு மூடிடுதுங்க."

"சரி சார். போன தீபாவளிக்குச் சொன்ன சம்பள உயர்வு இந்த மாசம் உண்டா?"

விக்ரம் ஜுல்பிகரைப் பார்த்தார். ஜுல்பிகர் மின்விசிறியைப் பார்த்தான்.

"அதுக்கு மாற்றா வேற ஏதாவது யோசிப்போம்" என்றார் விக்ரம்.

சட்டத்தை முதலில் கடைப்பிடித்தவர் அவர்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

3

இப்போது தங்கப்பொண்ணு வர வேண்டும். வாசகர் இவளை நம்புவாரா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

பேரையூர்ப் பக்கத்துக்காரி. வில்லாபுரத்தில் குடியிருக்கிறாள். கணவன் இல்லை, ஒரு மகள் கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் சேலைப் பிரிவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நிற்கிறாள். சேலை எடுக்க வருகிறவர்கள் அவள் வாய்க்காகவே வருவார்கள்.

"மருமகளுக்கா எடுக்குறீக? அப்ப நல்லதா எடுக்க மாட்டீகளே" என்பாள். அந்த அம்மாள் கோபப்பட்டு, அதைப் பொய்யாக்குவதற்காகவே விலை கூடிய சேலையை எடுப்பார்.

"இது வேணாம்க்கா. ஒரு தண்ணி பட்டுச்சுன்னா உங்க வீட்டுக்காரரு வேட்டியெல்லாம் ரோஸ் ஆயிரும்" என்பாள். நான் கல்லாவிலிருந்து கனைப்பேன். "கனைச்சா மட்டும் சாயம் நின்னுருமா, பெரிய பாய்?" என்பாள், திரும்பிப் பார்க்காமலே.

இதைப் படித்துப் பார்த்த என் மருமகள் சபிஹா சொன்னாள்: "மாமா, மொதலாளிய இப்படிப் பேசுற பொம்பளைய வேலைக்கு வச்சிருந்தோம்னு எழுதுனா, நம்ம குடும்பத்தப் பத்தி என்ன நினைப்பாங்க?"

நியாயமான கேள்வி. ஆகவே திருத்தினேன்: "தங்கப்பொண்ணு பணிவும் அடக்கமும் நிறைந்த —"

பேனா நகரவில்லை. நானும் பொய்க்குப் பழகிய வியாபாரிதான். ஆனாலும் சாயம் போகும் சேலையைக்கூட ஓரளவுக்குத்தான் புகழ முடியும்.

சட்டம் வந்த முதல் மாதத்திலேயே அவளுக்கு இரண்டு சிவப்பு விழுந்தது. ஒன்று மருமகள் பேச்சுக்கு, இன்னொன்று 'வேணாம்க்கா'வுக்கு. இரண்டுமே விக்ரமின் ஆட்களிடம் சொன்னது.

அன்று சாயங்காலம் விக்ரமை வாசலில் மறித்தாள். "ஏந்தம்பி, நீ எங்க தெருதான? உங்கம்மாவுக்குப் போன பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்த சேலை இன்னும் சாயம் போகாம இருக்கா?"

"அது இருக்குங்க. ஆனா ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கு."

"அதையும் ஒரு தடவ தண்ணியில நனைச்சுப் பாருப்பா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஆனால் மறுநாளிலிருந்து மாறிவிட்டாள். மூன்றாவது விழுந்தால் மகளின் படிப்பு நிற்கும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஜுல்பிகருக்கும் தெரியும்.

4

[இந்தப் பகுதி கட்டுரையிலிருந்து மிஞ்சியது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் சங்கத்தார் இதைத்தான் படிக்க வேண்டும்.]

சிவப்புப் புள்ளிகள் குறைந்தன. விக்ரமின் வரைபடத்தில் கோடு மேலே ஏறியது. கடைக்குள் சத்தம் இறங்கியது. முன்பெல்லாம் ஒரு சேலையை எடுத்துக்கொண்டு நாலு பேர் சண்டை போடுவது போலப் பேசிக்கொண்டிருப்பார்கள், அதுதான் வியாபாரம். இப்போது வாடிக்கையாளர் கேட்டதை எடுத்துப் போட்டார்கள், கேட்காததை எடுக்கவில்லை. "நல்லாருக்குமாம்மா?" என்று கேட்டால் "நிச்சயமாக, மேடம்" என்றார்கள். எதற்கும் நிச்சயமாக என்றால் எதை நம்பி வாங்குவது? அந்த அம்மாமார் இன்னும் இரண்டு கடை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். நாலு மாடிக் கடையிலும் இதே வாசகம் என்று கேள்வி. அங்கே குளிர்சாதனம் உண்டு.

ஊழியர்கள் ஒருவரோடொருவர் பேசுவதையும் விட்டார்கள். யாருடைய பேச்சு யாருக்குச் சிவப்பாகும் என்ற பயம். எங்களிடம் எதையும் வந்து சொல்வதும் நின்றது. ஒருநாள் மழையில் அழகுபாண்டி என் பேரன், ஜுல்பிகரின் மகன் பரீதிடம் வந்து, கைகட்டி, அமைதியாகச் சொன்னான்:

"சின்னவரே, குடோன்ல ஒரு வாய்ப்பு ஒழுகுது."

பரீத் சிரித்து முடித்துப் போய்ப் பார்ப்பதற்குள் இரண்டு பேல் காடாத் துணி நனைந்துவிட்டது.

கட்டுரை இத்துடன் முடிந்தது.

5

பரீதுக்கு உத்தமபாளையத்தில் பெண் பார்த்திருந்தோம். ஹுமா என்று பெயர். நல்ல குடும்பம், எங்களுக்குச் சமமான குடும்பம் என்று எழுதினால் அவர்களுக்குப் பெருமை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுக்குமுன், பெண் வீட்டிலிருந்து ஒரு பெரிய மனுஷி சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வீட்டுக் கடைக்கு வருவார். சின்னதாக ஏதாவது வாங்குவார். வேலைக்காரர்கள் முகத்தைப் பார்ப்பார். வீட்டைப் பற்றி, பையனைப் பற்றி அவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். சம்பளம் வாங்குகிறவர்கள் சொல்வதில்தான் ஒரு வீட்டின் உள்பக்கம் தெரியும் என்பது கணக்கு.*

* என் தமக்கை இருந்தவரை எங்களுக்காக இந்த வேலையைச் செய்தவர் அவர்தான். விக்ரமின் ஆட்கள் செய்வதும் இதேதான். அவர்கள் ரசீது தருகிறார்கள்.

பெண்ணின் பெரியம்மா அஜ்மல் பீவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். கல்லாவில் பரீத் இருந்தான். அவனுக்கு அவரைத் தெரியாது. நான் கடையில் இல்லை. அடுத்து வருவது முத்துமீனா இரண்டு குரலிலும் எனக்கு நடித்துக் காட்டியது. முத்துமீனா, தங்கப்பொண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண். (அழகுபாண்டியின் வடிவத்தில் அந்த அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்கிறார். சினிமாத்தனமாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.)

அஜ்மல் பீவி சேலைப் பிரிவிலேயே ஆண்கள் கைக்குட்டை ஒன்று கேட்டார். விலையைக் கேட்டார். குறைக்கச் சொல்லவில்லை.

முத்துமீனா முழங்கையால் இடித்தாள். "யக்கா, மாறுவேசம்." விக்ரமின் ஆட்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது.

"எப்புடிடி சொல்ற?"

"பேரம் பேசல பாரு."

மதுரையில் பேரம் பேசாதவர் வாடிக்கையாளராக இருக்க முடியாது. தங்கப்பொண்ணு நிமிர்ந்து நின்று பல்லைக் காட்டினாள்.

"உங்கள் வருகை எங்கள் பெருமை, மேடம்."

"ஏம்மா, கல்லாவுல இருக்குற தம்பி மொதலாளி மகனா?"

"நிச்சயமாக, மேடம்."

"நல்ல பிள்ளைதானா?"

"எங்களிடம் எல்லாமே தரமானவை, மேடம்."

"வீட்ல எல்லாரும் ஒத்துமையா இருக்காங்களா? சண்டை கிண்டை ஏதும் உண்டா?"

இல்லை என்று சொன்னால் மூன்றாவது சிவப்பு.

"உங்கள் கேள்விக்கு நன்றி, மேடம்."

அஜ்மல் பீவி மேசை மேல் சாய்ந்து குரலைத் தணித்தார். "உன்னைய என் தங்கச்சியா நெனச்சுக் கேக்குறேன். அந்தத் தம்பிக்குக் கெட்ட பழக்கம் ஏதாச்சும் இருக்கா?"

தங்கப்பொண்ணு இன்னும் ஒரு பல் கூடுதலாகச் சிரித்தாள்.

"அதற்கு மாற்றாக வேறு காட்டட்டுமா, மேடம்?"

6

சம்பந்தம் பேசிய உறவினர் அன்று மத்தியானமே போன் செய்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பையனுக்கு என்ன வியாதின்னு கேக்குறாங்க."

அப்போது என் மனத்தில் —

வேண்டாம். என் மனத்தில் என்ன நடந்தது என்பது கதைக்குத் தேவையில்லை. கடைக்கு நடந்தேன். அங்கே ஜுல்பிகர் கத்திக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமையோட கணக்க முடிச்சு அனுப்பிருவோம் அத்தா. பரீத் வாழ்க்கையையே கெடுத்துட்டா."

விக்ரம் கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், ப்ராசஸ் படி பாத்தா அவங்க பத்துக்குப் பத்து. ஒவ்வொரு வார்த்தையும் கரெக்ட். இந்த மாசத்தோட சிறந்த ஊழியரே அவங்கதான் சார்."

"அப்ப சிறந்த ஊழியர வீட்டுக்கு அனுப்புறேன்."

"அதுக்கு நம்ம ப்ராசஸ்ல இடமே இல்ல—"

சொன்ன பிறகு விக்ரம் வாயைப் பொத்திக்கொண்டார். எத்தனை சிவப்பு என்று யாரும் கேட்கவில்லை.

7

தங்கப்பொண்ணைக் குடோனுக்குக் கூப்பிட்டுப் பேசினேன். நான் திட்டியதாக எழுத நினைத்தேன். முதலாளி திட்டுவதுதான் முறை. நடந்தது இப்படி:

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பயல பொறந்ததுலருந்து பாக்குற."

"பாக்குறேன். இங்க தவந்து திரிஞ்சப்ப பட்டுச் சேலை மேல ஒண்ணுக்குப் போனத நாந்தான் அலசிப் போட்டேன், உங்களுக்குத் தெரியாம."

"பின்ன ஏன் சொல்லல?"

"இல்லன்னா செவப்பு. செவப்பு விழுந்தா எம்மக படிப்பு போச்சு. வாயத் தொறந்து பேசுனதுக்கு ரெண்டு வாங்கிட்டேன். இப்பத்தான் மொத மொதல்ல சொல்லிக் குடுத்தத அப்படியே ஒப்பிச்சேன். அதுக்கு வெள்ளிக்கெழமை கெளம்புங்கிறாக. நான் எப்படித்தான் இருக்கணும், நீங்களே சொல்லுங்க."

அவளே தொடர்ந்தாள்.

"அதுவுமில்லாம, சண்டை உண்டான்னு அந்தம்மா கேட்டதுக்கு இல்லன்னு சொன்னா, அது பொய்தான பெரிய பாய்?"

(இந்த வரியை இரண்டு தடவை அடித்தேன். எனக்கு இரண்டு மகன்கள். இந்தக் கதையில் ஒருவன்தான் வருகிறான். இதற்குமேல் இங்கே எழுதுவதற்கில்லை.)

அன்று நானே அஜ்மல் பீவிக்குப் போன் செய்தேன். பெண் வீட்டாருக்கு எங்கள் பக்கத்திலிருந்து முதலில் போன் போவது இதுவே முதல் முறை. சலாம் சொல்லி, இன்னொரு தடவை கடைக்கு வந்து யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளும்படி கேட்டேன்.

"கூப்பிட்டு விசாரிக்கச் சொல்றீங்களே அண்ணே, இது விசாரிப்பா விருந்தா?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "வாரேன். ஆனா அந்தப் பல்லக் காட்டுன பொண்ணத்தான் கேப்பேன். வேற ஆள நிறுத்தாதீங்க" என்றார்.

8

வியாழக்கிழமை. வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. நான் சேலைப் பிரிவுக்குப் போய்த் தங்கப்பொண்ணிடம் சொன்னேன்:

"நீ எது வேணாலும் சொல்லு. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதையும் அந்தத் தம்பிதான் எழுதிக் குடுத்துச்சா, பெரிய பாய்?"

எழுபத்து நாலு வயது வரை என் வாக்கை யாரும் இப்படித் தட்டிப் பார்த்ததில்லை. தட்டிப் பார்க்கும் நிலைக்கு அதைக் கொண்டுவந்தது எங்கள் கடைதான்.

அஜ்மல் பீவி நேராக அவளிடம் போய், அன்று விட்ட இடத்திலிருந்தே கேட்டார்: "இப்பச் சொல்லும்மா. எங்க பிள்ளைய இந்த வீட்டுல குடுக்கலாமா?"

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் தங்கப்பொண்ணு எங்கள் குடும்பத்தை வானளாவப் புகழ்கிறாள். சபிஹாவுக்கு இது பிடித்திருந்தது. ஆனால் நானும் ஜுல்பிகரும் ஆளுக்கொரு பக்கம் காவல்காரர் போல நிற்கும்போது அவள் புகழ்ந்தால், அதை நீங்கள் நம்பமாட்டீர்கள். அஜ்மல் பீவியும் நம்பமாட்டார்.

இரண்டாவது முடிவில் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாததை, பரீத் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்குவதை, சிவப்புப் புள்ளியை, வராத சம்பள உயர்வை. இதை நன்றாகவே எழுதியிருந்தேன். படித்துவிட்டுக் கிழித்தேன். காரணம் கேட்க வேண்டாம்.

மூன்றாவது முடிவில் நான் குறுக்கிட்டு ஒரு நீண்ட சொற்பொழிவு —

போதும். நடந்ததை எழுதுகிறேன்.

தங்கப்பொண்ணு அஜ்மல் பீவியைப் பார்த்தாள். ஜுல்பிகரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன, கேட்டதுக்குச் சொல்லும்மா" என்றார் அஜ்மல் பீவி.

"நிக்கிறாகளே" என்றாள் தங்கப்பொண்ணு. யார் என்று சொல்லவில்லை.

9

நான் செருப்பை மாட்டினேன்.

"எங்க போறீங்க அத்தா?" என்றான் ஜுல்பிகர்.

"வெளிய. நீயும் வா. பரீத், கல்லாவப் பூட்டிட்டு வா. விக்ரம் தம்பி, நீங்களும்தான்."

"அத்தா, அவ என்ன சொல்லுவான்னே தெரியாது—"

"தெரியாதுன்னுதான் கூப்பிடுறேன்."

என் அத்தா திறந்த கடையிலிருந்து, வியாபார நேரத்தில், நான்கு ஆண்கள் வெளியேறிச் சந்தில் நின்றோம். உச்சி வெயில். எதிர்க்கடைப் பாத்திர வியாபாரி எட்டிப் பார்த்து, "என்ன பாய், கரண்ட் இல்லையா?" என்றார். இருக்கிறது என்றேன். பின் ஏன் நிற்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை; ஆனால் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குள் சந்து முழுக்கப் போய்விடும். போகட்டும்.

கண்ணாடிக் கதவு வழியாக இருவரும் தெரிந்தார்கள். தங்கப்பொண்ணு பேசினாள். நீண்ட நேரம் பேசினாள். கையை ஆட்டினாள். ஒரு தடவை எங்கள் பக்கம் கையை நீட்டினாள். நீட்டியது என்னையா, ஜுல்பிகரையா, மாட்டியிருந்த பெயர்ப் பலகையையா என்று தெரியவில்லை. அஜ்மல் பீவி ஒரு கட்டத்தில் வாயில் கை வைத்தார். அது சிரிப்பை மறைக்கவா, அதிர்ச்சியை மறைக்கவா என்பதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தெரியாது.

ஜுல்பிகர் கதவருகே போய்க் காது கொடுக்கப் பார்த்தான். நான் அவன் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அவனுக்கு மீசை முளைத்த பிறகு நான் அவனைத் தொட்டு இழுத்தது அன்றுதான்.

என்ன சொன்னாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. தங்கப்பொண்ணு இன்றும் சேலைப் பிரிவில் நிற்கிறாள். அதைக் கதையின் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நான் கொடுத்த வாக்கு, அவ்வளவுதான். நிக்காஹ் நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது என்றால் அவள் புகழ்ந்தாள் என்று முடிவு கட்டுவீர்கள். நடக்கவில்லை என்றால் போட்டுக்கொடுத்தாள் என்பீர்கள். இரண்டும் தவறாக இருக்கலாம். ஒரு வீட்டின் குறையெல்லாம் தெரிந்த பிறகு பெண் கொடுப்பவர்கள் உண்டு. புகழ்ச்சியைக் கேட்டுப் பயந்து போகிறவர்களும் உண்டு. ஆகவே சொல்லப்போவதில்லை.

அவள் பேசியதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், எங்கள் குடும்பத்துக்கு எதிராகக்கூட எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அவள் பேசி முடிக்கும்வரை என்னைக் கடைக்குள் விடாதீர்கள்.